இடமா, வலமா?

மூன்றாவது பீப்பாயைத் தட்டிவிட்டுப் பூர்கார்ட் மறுபடி முதலிலிருந்து தட்டினான். முதல் இரண்டிடமும் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டான். விரலை மடக்கிப் பலகையில் மூன்று தட்டு, அப்புறம் பெயர், அப்புறம் செய்தி. அவ்வளவுதான் சடங்கு.

“ரோஸ்விதா செத்துட்டா” என்றான் மூன்றாவதிடம். உள்ளே புதுச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. காதை வைத்தால் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். யார் செத்தால் எனக்கென்ன என்று அது பாட்டுக்குப் பொங்கியது.

மைன் ஆற்றங்கரையில் திராட்சைக்காரர் வீட்டில் பிறந்தவர் யார் இறந்தாலும் நிலவறைப் பீப்பாய்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட பீப்பாய் அந்த வருஷமே திரிந்துபோகும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று பூர்கார்டைக் கேட்டால் சிரிப்பான். புளிப்பு அளக்கக் கருவி வைத்திருக்கிறவன் அவன். ஆனால் சொல்லாமல் விட்டுத்தான் பார்ப்போமே என்று துணிந்தவன் அந்த ஊரில் இன்றுவரை ஒருவனும் இல்லை. அவன் மட்டும் எப்படித் துணிவான்?

படிக்கட்டில் மனைவி கெர்லிண்டெ வந்து நின்றாள். கறுப்பு உடை மாட்டியிருந்தாள். அதன்மேல் சமையல் ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தாள்.

“எல்லாத்துக்கும் சொல்லிட்டியா?”

“ஆச்சு.”

“மூலையில இருக்கே, காடிப் பீப்பா?”

“அதான் ஏற்கெனவே காடியாச்சே. இன்னும் என்ன கெடப் போகுது?”

“சொல்லிடு. அவ இங்க வந்தா மொதல்ல அதுகிட்டத்தானே போய் நிப்பா.”

உண்மைதான். ஊர் முழுக்க நல்ல சில்வானர் மதுவைத் தேடி வரும்போது, அவன் அக்காள் ரோஸ்விதா மட்டும் வந்த வேகத்தில் காடிப் பீப்பாய்க்குப் போவாள். அதன் வாயில் மொய்க்கிற குட்டி ஈக்களைக் குனிந்து பார்ப்பாள். ஊரில் அவற்றைக் காடி ஈ என்பார்கள். மதுக்காரனுக்கு அவற்றைவிடப் பெரிய எதிரி கிடையாது. ரோஸ்விதாவோ ஆயுள் முழுக்க அவற்றை வளர்த்தாள். பூர்கார்ட் மூலைக்குப் போய்த் தட்டிச் சொன்னான். இரண்டு ஈக்கள் பறந்துபோய் அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்தன.

காலையில்தான் தொலைபேசி வந்தது. பேசியவர் டோர்பென், பல்கலைக்கழகத்தில் ரோஸ்விதாவோடு ஒரே அறையில் வேலை செய்கிறவர். அவள் தொலைபேசியில் ‘தம்பி’ என்றிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். அவள் வேலைக்கு வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி இருந்திருக்கிறது. படுத்தபடியே போயிருந்தாள். மருத்துவர் வந்து இதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். டோர்பென் கடற்கரைப் பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று நினைக்கிற இனம். இவ்வளவையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

நகரத்துக்குப் போகிற வழியில் கெர்லிண்டெதான் வண்டி ஓட்டினாள். சரிவுகளில் எல்லாரும் அறுவடையில் இருந்தார்கள். வேலியோரம் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கிறது. பூர்கார்ட் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டு, கையை மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான்.

“கெர்லி, நேத்து அவ போன் பண்ணப்ப நீ பக்கத்துலதானே இருந்த?”

“பிழியற மிஷின்கிட்ட இருந்தேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“யார்கிட்ட?”

“அவகிட்டத்தான்.”

கெர்லிண்டெ கியரை மாற்றினாள். “கத்தின. பம்ப் சத்தத்துல என்ன கத்தினேன்னு விளங்கல.”

அவன் பயந்தது இதற்குத்தான்.

விஷயம் இதுதான். பல வருஷமாக ரோஸ்விதாவுக்கு ஒரு பழக்கம். நேரம் காலம் கிடையாது. வாரத்தில் ஒரு நாளோ மூன்று நாளோ கூப்பிடுவாள். வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள். “பூர்கார்ட், இடமா வலமா?” என்பாள். அவன் இடம் என்றோ வலம் என்றோ சொல்வான். “சரி, மறந்துடாத. நாளைக்குக் கேப்பேன்” என்பாள். அதன் பிறகுதான் சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது, கெர்லிண்டெ இன்னும் உன்னைத் துரத்திவிடவில்லையா என்கிற பேச்செல்லாம். மறுநாள் கேட்பாள், அவன் சொல்வான். எதற்கு என்று ஒருமுறை கேட்டிருக்கிறான். ஈக்கு என்றாள். காசைச் சுண்டிப் பார்த்தால் தெரியாதா என்றான். “காசு திருப்பி எதுவும் பேசாது” என்றாள். அவன் தொடர்ந்து ஏழெட்டு முறை இடம் என்றே சொல்லிவந்தபோது, “ஓட்டு மட்டும் வலது பக்கத்துக்குப் போடற, வாய்ல வர்றது பூரா இடமா இருக்கே” என்று கிண்டல் செய்தாள்.

நேற்று மதியம் பிழியும் இயந்திரத்தில் குழாய் கழன்றுகொண்டது. நல்ல சாறு தரையில் ஓடியது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தான். “பூர்கார்ட், இடமா வலமா?” என்றது அவள் குரல். அதுவரை நினைவிருக்கிறது. முகத்தில் சாறு பீய்ச்சி அடித்தது நினைவிருக்கிறது. “மனுஷன் சாகறேன் இங்க” என்று கத்தியது நினைவிருக்கிறது. தொலைபேசி சாக்கு மூட்டையில் விழுந்துகிடந்ததும் நினைவிருக்கிறது. அதற்கு நடுவில் அவளுக்குப் பதில் சொன்னானா, சொல்லாமல் தூக்கி எறிந்தானா? அந்த இடத்தில் மட்டும் சுத்தமாக ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி.

சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சாயங்காலம் அலுப்பு. நாளைக்குப் பேசலாம் என்று படுத்தான்.

*

ரோஸ்விதாவின் வீடு மூன்றாம் மாடியில். கட்டிலில் அவளை நேராகக் கிடத்திக் கைகளைக் கோத்துவைத்திருந்தார்கள். உயிர் வெளியேறிப் போக வழியாக ஜன்னல் திறந்திருந்தது, அதைத் திறந்தது டோர்பென்தான் என்று தெரிந்ததும் கெர்லிண்டெக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பூர்கார்ட் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அக்காளின் முகத்தைப் பார்த்தான். சந்தையில் தெரிந்தவர் யாரையோ பார்த்து, பெயர் நினைவுக்கு வராமல் யோசிக்கிற முகமாக இருந்தது. நெற்றியில் தொட்டான். இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதான்.

கெர்லிண்டெ அலமாரியைத் திறந்து நீல உடையை எடுத்தாள். நாற்காலியில் தொங்கிய கோட்டின் பையைத் துழாவியபோது ஒரு ரப்பர் குழாய் வந்தது. ஒரு முனையில் கண்ணாடி, மறுமுனையில் பல் பட்டுத் தேய்ந்த ஒரு குமிழ்.

“இது என்ன கண்றாவி?”

“அதுலதான் ஈயை உறிஞ்சி எடுப்போம்” என்றார் வாசலில் நின்ற டோர்பென். “கழுத்துலயே தொங்கும் அவளுக்கு. கடைக்குக்கூட அதோட போயிருக்கா.”

கெர்லிண்டெ அதைத் திரும்பக் கோட்டுப் பையில் வைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, நீல உடையின் மடிப்புக்குள் செருகினாள்.

டோர்பென் பூர்கார்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணு கேக்கலாமா? உங்க பேர் பூர்கார்டா?”

“ஆமா. ஏன்?”

“இல்ல. எங்க ஆய்வகத்துல ஒரு அலமாரி பூரா பூர்கார்ட் இருக்கு.”

பூர்கார்டுக்குப் புரியவில்லை.

“ஈ வகைக்கு எல்லாம் பேர் உண்டு. ஈயைப் பிடிச்ச ஊர்ப் பேரை வைப்போம். ரோஸ்விதாவோட ஈங்க பேர் பூர்கார்ட். அது ஏதோ கிராமம்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

“என் நிலவறையிலதான் பிடிச்சிட்டுப் போனா. ஒரு கிறிஸ்துமஸுக்கு, வெறும் ஜாடியில” என்றான் பூர்கார்ட். “ஜாடிய திருப்பியே குடுக்கல.”

கெர்லிண்டெ அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். “வீட்டுல ஒரு பூர்கார்டையே சமாளிக்க முடியல.”

டோர்பெனும் சிரித்தார். பிறகு கையைப் பிசைந்தார். சொல்ல வந்ததைச் சொல்வதா வேண்டாமா என்கிற பிசைதல் அது. “இந்த நேரத்துல கேக்கறது முறையில்லதான். ஆனா இன்னைக்கு விட்டா முடியாது. ஒரு ஈ இருக்கு.”

“என்ன ஈ?”

“நேத்துத் தேதி போட்டு ஒரு குப்பி. அவ கையெழுத்து. இன்னைக்குப் பிற்பகல் அதைச் சோதிக்கணும். எந்தப் பக்கம்னு உங்களுக்குத்தானே தெரியும்.” பூர்கார்ட் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “வேணாம், இப்ப சொல்லாதீங்க. நான் பார்த்து முடிச்சப்புறம் சொல்லணும். முன்னாடியே தெரிஞ்சா கண்ணு அந்தப் பக்கத்தையே தேடும். அவ எழுதிக்கூட வெக்க மாட்டா, அதுக்காகவே.”

பூர்கார்ட் கெர்லிண்டெயைப் பார்த்தான். அவள் நீல உடையை மடித்துக்கொண்டிருந்தாள். “போ. சவப்பெட்டிக்காரங்க வந்து அவளுக்கு உடை மாத்தற வரைக்கும் நான் இருக்கேன். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

*

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் பூர்கார்ட் நின்றுவிட்டான். ஈஸ்ட் வாசனை, வெல்லப்பாகு வாசனை, லேசான புளிப்பு. வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பெரிய படிப்புப் படித்து, கடைசியில் அப்பாவின் நிலவறை வாசனைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதை அவளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தான். சொல்ல முடியாது என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

எல்லாச் சுவரிலும் குப்பிகள், பஞ்சு அடைத்த வாய்களோடு. ஒரு வரிசையில் அவன் பெயர்.

“ஊர்ல என்னைக் கேப்பாங்க” என்றான். “உங்க அக்காவுக்கு ஈ ஓட்டறதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குதாமேன்னு. எனக்கும் பதில் தெரியாது. ஆமான்னு சொல்லிடுவேன். இப்பவாவது சொல்லுங்க. என்னதான் பண்ணிட்டிருந்தா?”

டோர்பென் ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். தீப்பெட்டியைக் கால்வாசிக்கு இழைத்து நீட்டிவிட்ட மாதிரி ஒரு குறுகலான அறை அதற்குள் இருந்தது. ஓர் ஈ மட்டும் முன்னும் பின்னும் நடக்கலாம், பறக்க முடியாது.

“உள்ள இருட்டு. ஒரு பாதிக்குள்ள ஈ போனா தரை சுடும். அடுத்த பாதிக்கு வந்தா உடனே ஆறிடும். கொஞ்ச நேரத்துல அதுக்குத் தெரிஞ்சிடும், இந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு. அப்புறம் சூட்டை மொத்தமா நிறுத்திடுவோம். அதுக்கப்புறமும் அந்தப் பக்கம் போகாம இருந்தா, நெனவு வெச்சிருக்குன்னு அர்த்தம்.”

“ஈக்கு நெனவா?”

“கொஞ்ச நேரம் இருக்கும். நாம சாப்பிடப் போயிட்டு வந்தா மறந்திருக்கும். ராத்திரி தாண்டி நெனவு வெச்சிருக்கிற ஈ ஒண்ணு எங்கயாவது இருக்கும்னு ரோஸ்விதா சொல்லுவா. நாங்க எல்லாம் நூறு ஈயைச் சேர்த்துச் சராசரி எடுக்கறவங்க. சண்டைக்கு வருவா. சராசரி ஈன்னு ஒண்ணு எங்கயாவது பறந்து பார்த்திருக்கியாம்பா.”

“கிடைச்சுதா?”

“இல்ல.”

பூர்கார்ட் குனிந்து பெட்டியைப் பார்த்தான். ஒரு பக்கம் ஒரு விசை. இடத்துக்கும் வலத்துக்கும் திருப்பலாம். இப்போது நடுவில் நின்றது.

“எந்தப் பக்கம் சுடணும்ங்கறதைத்தான் நான் சொல்றதா?”

“ஆமா. முடிச்சதும் விசையை நடுவுல வெச்சிடுவா, நான் பார்க்கக் கூடாதுன்னு.” டோர்பென் சுவரோரம் கையைக் காட்டினார். “அங்க புது இயந்திரம் இருக்கு பாருங்க. அது தானாவே பக்கத்தைப் பொறுக்கிக்கும், யாரும் சொல்ல வேணாம். அவ அதைத் தொட்டதே இல்ல. கேட்டா, தம்பிகிட்ட கேட்டுக்கறேன்னு போனை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போயிடுவா. நீங்க எடுக்கலன்னா அன்னைக்கு வேலை நடக்காது. எங்களுக்கெல்லாம் எரிச்சலா வரும்.”

பூர்கார்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவன் பதில் அவளுக்குத் தேவையே இல்லை. கூப்பிடுவதற்கு ஒரு சாக்கு. நேற்றும் அதற்குத்தான் கூப்பிட்டாள், அவன் கத்தினான்.

“நான் பதில் சொல்லலன்னா இந்த ஈயை என்ன பண்ணியிருப்பா?” என்று கேட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

“பழக்கியிருக்க மாட்டா. சும்மா குப்பியில போட்டு வெச்சிருப்பா, மறுநாள் கேட்டுக்கலாம்னு. நேத்து நான் சீக்கிரம் கிளம்பிட்டேன், அதனால நான் பார்க்கல. ஏன், நீங்க சொல்லலியா?”

“பாருங்க மொதல்ல” என்றான் பூர்கார்ட்.

டோர்பென் குப்பியை எடுத்தார். உள்ளே ஒரே ஓர் ஈ. செம்பழுப்பு நிறம், எள்ளில் பாதி. அவன் பீப்பாய் மூடியில் ஆயிரம் முறை விரலால் நசுக்கிய அதே ஈ. தன் ரப்பர் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினார், பூர்கார்ட் பீப்பாயிலிருந்து மது இழுத்துப் பார்ப்பதைப் போல. ஈ கண்ணாடிக் குழலுக்கு வந்தது. ஊதியதும் பெட்டிக்குள் போனது. மூடியைச் சாத்தினார். விசையைத் தொடவில்லை. இன்று எந்தப் பக்கமும் சுடாது.

திரையில் ஒரு நீண்ட கட்டம் தெரிந்தது. நடுவே ஒரு கோடு. உள்ளே ஒரு புள்ளி.

புள்ளி இடப்பக்கம் போனது. கடைசிவரை போய், திரும்பி, வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம். அவசரமே இல்லாமல் சந்தை சுற்றுகிறவனைப் போல இரண்டு பக்கமும் சுற்றியது. பூர்கார்டுக்குப் புரிந்துபோயிற்று. அந்த ஈக்கு எதுவும் தெரியாது. அதை யாரும் பழக்கவில்லை. அவள் கேட்டாள், அவன் பதில் சொல்லாமல் தொலைபேசியை எறிந்துவிட்டான். அவள் குப்பியில் தேதியை எழுதி வைத்துவிட்டு, பரவாயில்லை, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறாள்.

“ஆரம்பத்துல அப்படித்தான் சுத்தும். புது இடத்துக்கு வந்த மாதிரி” என்றார் டோர்பென்.

“எவ்வளவு நேரம்?”

“ஒவ்வொரு ஈக்கும் ஒரு மாதிரி. அதான் அவ சொல்ல வந்ததே.”

புள்ளி வலப்பக்க மூலையில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தூங்கிவிட்டதா என்று பூர்கார்ட் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அது நகர்ந்தது. சுவரோரமாக நடுக்கோட்டை நோக்கி வந்தது. கோட்டருகே வந்ததும் நின்றது. பிறகு திரும்பி வந்த வழியே போனது.

பூர்கார்ட் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

மறுபடி வந்தது. இந்த முறை கோட்டை லேசாகத் தாண்டியது, ஒரு கால் வைக்கிற அளவு. சட்டென்று பின்வாங்கியது. அந்தப் பக்கம் எதுவும் இல்லை. சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, யாரும் எதையும் திருப்பவில்லை. மூன்றாம் முறை வந்தபோது கோட்டுக்குச் சற்று முன்பே திரும்பிவிட்டது.

“இது என்ன பண்ணுது?”

“உஷ்” என்றார் டோர்பென். அவரும் நாற்காலியை இழுத்திருந்தார். வயதான ஆட்கள் இரண்டு பேர் கன்னம் உரசாத குறையாக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருவதும் நிற்பதும் திரும்புவதுமாக அது வலது பாதிக்குள்ளேயே நடந்தது. இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பூர்கார்ட் மூச்சு விடுவதைக்கூட மெதுவாக விட்டான். ஆயுசில் இவ்வளவு கவனமாக அவன் ஒரு ஈயைப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க இன்னும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த முறை தாண்டுமோ? தாண்டாது. அதற்கடுத்த முறை? அவளை இத்தனை வருஷம் இங்கே உட்கார வைத்தது இதுதான் போலிருக்கிறது. ஒரு தடவையாவது கூட வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கூப்பிடாமல் இல்லை, கூப்பிட்டாள்.

கடைசியில் டோர்பென் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. பேனாவை எடுத்து ஒரு தாளில் ‘வலதில் நிற்கிறது’ என்று எழுதினார்.

“நான் பார்த்தது இது. இடப்பக்கத்தை ஒதுக்குது. இப்ப சொல்லுங்க. எந்தப் பக்கம் சுடச் சொன்னீங்க?”

பூர்கார்ட் அவரைப் பார்த்தான். பேனா காத்திருந்தது.

இடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரோஸ்விதா சொன்னது சரி என்று எழுதிவிடுவார்கள். ராத்திரி தாண்டியும் மறக்காத ஈ இருக்கிறது. அது அவள் கண்டுபிடித்த ஈ. கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் அவள் சவப்பெட்டிக்குப் பின்னால் தலை குனிந்து நடப்பார்கள். அது பொய்யாகவும் இருக்காதே. எப்போதும் அவன் வாயில் வருவது இடம்தானே? யாருக்குத் தெரியப்போகிறது? அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அடுத்த தோட்டத்துச் சாறு உள்ள ஒரு புட்டியில்கூடத் தன் தோட்டத்துப் பெயரை அவன் ஒட்டியதில்லை. மோசமான வருஷத்தில்கூட ஒட்டியதில்லை. ரோஸ்விதாவுக்கு அவனிடம் பிடித்த ஒரே விஷயம் அதுதான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

“தெரியல” என்றான்.

“தெரியலன்னா?”

“நெனவில்ல. குழாய் கழண்டுகிட்டு சாறு ஓடுது, அந்த நேரம் கூப்பிட்டா. என்ன சொன்னேன்னு நெனவில்ல. சொன்னேனான்னே தெரியாமத்தான் இங்க வந்தேன்.”

டோர்பென் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று பூர்கார்ட் எதிர்பார்த்தான்; பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப இதை எழுத முடியாது” என்றார் கடைசியில்.

“தெரியும்.”

“இவ்வளவு நாளா அவ தேடினது இந்த ஈயாவே இருக்கலாம். இல்ல, இந்த ஈக்கு வலப்பக்கம் சும்மாவே பிடிச்சிருக்கலாம். ஒண்ணை வெச்சு சொல்ல முடியாது. நீங்க சொன்ன பக்கம் தெரிஞ்சிருந்தா...”

“தெரியும்னேன்ல.”

டோர்பென் எழுதிய தாளை நாலாக மடித்தார். கிழிக்கப் போகிறார் என்று பூர்கார்ட் நினைத்தான். கிழிக்காமல் அவனிடம் நீட்டினார். “எங்களுக்குத்தான் பிரயோஜனம் இல்ல. நீங்க வெச்சுக்குங்க.”

பூர்கார்ட் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவள் கேட்டிருக்கிறாள், அவன் சொல்லியிருக்கிறான். கத்தலோடு கத்தலாக ‘இடம்’ என்று சொல்லியிருக்கிறான், அவளும் சரி என்று போய்த் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் இப்போதும் அவனுக்கு அது நினைவில் வரவில்லை. ஆனாலும் மார்பில் காலையிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. நம்புவதற்கு அவனுக்கு ஓர் ஈ போதும்.

*

வெளியே கெர்லிண்டெ வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். பின் இருக்கையில் ரோஸ்விதாவின் கோட்டும் ஒரு பூந்தொட்டியும் இருந்தன.

“நீலம் நல்லா இருந்துச்சு அவளுக்கு” என்றாள். “முடியை அவங்க ஒரு மாதிரி வாரிட்டாங்க. நான் கலைச்சு விட்டேன். பாதிரியாரை வரச் சொல்லியிருக்கு, நேரமாச்சு. இங்க என்ன ஆச்சு?”

“இடம்னு சொல்லியிருக்கேன்.”

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, சாவியைத் திருகினாள்.

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. பூர்கார்ட் பெல்ட்டை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

“நிறுத்து.”

“எதையாவது மறந்துட்டியா?”

“ஒண்ணு பாக்கி இருக்கு.”

படியேறி அவன் திரும்ப உள்ளே போனபோது டோர்பென் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஈயை இன்னும் வெளியே எடுக்கவில்லை. திரையில் புள்ளி வலப்பக்க மூலையில் நின்றிருந்தது. பூர்கார்ட் நேராக மேசைக்குப் போனான். பெட்டியைத் தட்டினால் அதிர்ந்துவிடுமோ என்று பார்த்து, அதன் பக்கத்தில் மரப்பலகையில் விரலை மடக்கி மெதுவாக மூன்று தட்டுத் தட்டினான்.

“ரோஸ்விதா செத்துட்டா” என்றான்.

டோர்பென் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். புள்ளி மூலையிலிருந்து கிளம்பியது. சுவரோரமாகவே நடுக்கோடுவரை வந்தது, அங்கே கொஞ்சம் நின்றது, திரும்பிப் போனது.